மீளும் மனச்சோர்வும் ஒத்தோர் துணையும்: காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மனச்சோர்வு பலருக்கு ஒருமுறை வந்து நீங்கும் நோயாக அமைவதில்லை. சில மாதங்களோ சில ஆண்டுகளோ இடைவெளி விட்டு அது மீண்டும் வருகிறது. இவ்வாறு மீளும் நோயுடன் வாழ்வோர் தம்மை ஒத்த துயருற்றோரிடம் துணை தேடுவதற்குக் காவிரிப் படுகையில் எத்தகைய இடங்கள் இருந்துவந்துள்ளன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஒப்பாரி, கோயிலிலும் தர்காவிலும் தங்குதல், விவசாயத் தொழிலாளர் சங்கம், ஆழிப்பேரலைக்குப் பிந்தைய தன்னார்வலர் பணி ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒத்தோர் கூடுவதற்குப் புறத்தே அறியப்பட்ட ஒரு காரணமும், அக்கூடல் முடிவதற்கு ஓர் எல்லையும் இருந்தன. வெளிப்படையான காரணமின்றி வந்து மீளும் மனச்சோர்வு இவ்விரண்டிற்கும் வெளியே நின்றது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: மனச்சோர்வு, ஒத்தோர் துணை, காவிரிப் படுகை, ஒப்பாரி, குணசீலம், ஆழிப்பேரலை, மனநலச் சட்டம்

முன்னுரை

தமிழகத்தில் மனநோய் பற்றிய வரலாற்று எழுத்து பெரும்பாலும் இரண்டு இடங்களைச் சுற்றியே அமைந்துள்ளது. ஒன்று, சென்னையிலிருந்த மனநோய்க் காப்பகமும் அதன் வழிவந்த மருத்துவமனையும். மற்றொன்று, கோயில், தர்கா முதலிய வழிபாட்டிடங்களில் நிகழும் சமயச் சிகிச்சை. இரண்டிலும் மருத்துவர் அல்லது பூசகர், நோயாளி, குடும்பத்தார் ஆகிய மூவருமே பேசப்படுகின்றனர். நோயுற்ற ஒருவருக்கும் நோயுற்ற மற்றொருவருக்கும் இடையே ஏற்படும் உறவு இவ்வெழுத்தில் அரிதாகவே இடம்பெறுகிறது. அவ்வுறவை இக்கட்டுரை 'ஒத்தோர் துணை' என்று குறிக்கிறது.

ஒத்தோர் துணையின் நவீன வடிவம் மேலை நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெளிவாகத் தோன்றியது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளர் இருவரின் சந்திப்பிலிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் பிறந்தது. 1937இல் சிகாகோவில் ஆபிரகாம் லோ என்னும் மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்காக 'ரெக்கவரி' என்ற குழுவைத் தொடங்கினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் ஒரு கூறு இங்குக் கருதத்தக்கது. ஒருவர் குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னரும் அவ்வியக்கத்தின் உறுப்பினராகவே நீடிக்கிறார். மீண்டும் குடித்துவிட்டால் அவர் கூட்டத்திற்குத் திரும்பி வரலாம். நலம் பெறுதல் உறுப்பினர் நிலையை முடித்துவைப்பதில்லை. நோய் மீளுதல் அதைப் பறிப்பதுமில்லை.

மனச்சோர்வுக்கு இக்கூறு மிகவும் இன்றியமையாதது. உறக்கம், உணவு, உழைப்பு, விருப்பம் ஆகிய அனைத்தும் வாரக்கணக்கில் குன்றும் நிலையையே மருத்துவம் மனச்சோர்வு நோய் என்கிறது. முதல் முறை அதற்கு ஆளாகி மீண்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது மறுமுறையும் வருகிறது. வந்த முறைகள் கூடக்கூட மீண்டும் வரும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே இந்நோயுடன் வாழ்வோருக்கு வேண்டிய துணை, ஒருமுறை கைதூக்கிவிடுவதோடு முடியக் கூடியதன்று. அடுத்த முறையும் திரும்பிச் செல்லக்கூடிய இடமாக அது இருத்தல் வேண்டும். அத்தகைய இடம் காவிரிப் படுகையின் வரலாற்றில் இருந்ததா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

காரணம் கேட்கும் மரபு

துயரைக் காரணத்தோடு இணைத்துப் பார்ப்பது தமிழ் இலக்கண மரபின் பழைய வழக்கம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதலை அசைவு என உரை மரபு விளக்கும். துய்க்கும் பொருளின்மை வறுமை. நான்கும் துயருற்றவருக்கு வெளியே நிகழ்ந்து, பிறர் கண்ணுக்கும் புலப்படுபவை.

இப்பகுப்பு செய்யுளுக்குரியதே, நோய்ப் பகுப்பாக அதைக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், துயருற்றாரைக் காணும் சமூகம் முதலில் கேட்கும் வினா எது என்பதை அது காட்டிவிடுகிறது. என்ன நேர்ந்தது என்பதே அவ்வினா. அதற்கு விடையுள்ள துயர், பகிர்ந்துகொள்ளத்தக்க துயராகிறது. ஒன்றும் நேரவில்லை என்ற விடையோடு வரும் துயர் சோம்பலாகவோ பிடிவாதமாகவோ தெய்வக் குற்றமாகவோ பெயர் பெறுகிறது. அகத்தியர் பெயரில் வழங்கும் சித்த மருத்துவ மரபு மனநோய்களைக் 'கிரிகை' என்ற பெயரால் 18 வகையாகப் பகுத்துள்ளது. பகுக்கும் அறிவு இருந்தது என்பதற்கு அது சான்று. ஆனால் அவ்வறிவு மருத்துவருக்கும் மருந்துக்கும் உரியதாக இருந்தது. ஒரே வகை நோயுற்றோர் தம்முள் கூடுவதற்கான அடிப்படையாக அது அமையவில்லை. கூடுவதற்கு அடிப்படையாக அமைந்தவை மேற்கூறிய நிலைக்களன்களே. கீழ்வரும் பகுதிகள் அவற்றைப் படுகையின் வாழ்வில் அடையாளம் காண்கின்றன.

இழவில் கூடுதல்

ஒப்பாரி படுகையின் கிராமங்களில் இன்றும் முற்றிலும் மறையாத வழக்கம். சாவு வீட்டிற்கு வரும் பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு வட்டமாக அமர்ந்து அழுவர். இறந்தவரைப் பாடத் தொடங்கும் பெண், சிறிது நேரத்தில் தன் தாயையோ கணவனையோ பிள்ளையையோ பாடத் தொடங்கிவிடுவாள். கைம்மை, பிள்ளையின்மை, பிறந்த வீட்டாரின் புறக்கணிப்பு ஆகியவை எல்லாம் அங்கே வாய்விட்டுச் சொல்லப்படும். அன்றாடப் பேச்சில் சொன்னால் பழிக்கு இடமாகும் செய்திகளை ஒப்பாரியில் யாரும் தடுப்பதில்லை. 'ஒப்பு' என்னும் அடியோடு அச்சொல்லை இணைத்துப் பொருள் காணும் வழக்கும் உண்டு. அழுபவளின் துயருக்குத் தன் துயரை ஒப்பாக வைக்கும் மற்றொருத்தி அருகிருப்பதே இவ்வடிவத்தின் ஆற்றல்.

ஒத்தோர் துணை என்பதற்குப் படுகையில் கிடைக்கும் மிகத் தெளிவான மரபு வடிவம் இதுவே எனலாம். ஆயினும் அதற்கு ஒரு சாவு வேண்டும். பதினாறாம் நாள் கருமாதியோடு அவ்வட்டம் கலைந்துவிடும். அதன் பிறகும் எழுந்திருக்க இயலாமல் கிடக்கும் பெண்ணுக்கு ஆறுதலாக வந்த சொற்களே அறிவுரையாகவும் கண்டிப்பாகவும் மாறுகின்றன. ஆண்களுக்கோ அந்த வட்டமும் இல்லை.

தங்குதலும் திரும்புதலும்

வழிபாட்டிடங்களில் தங்குவது துயருற்றோர் ஒருவரையொருவர் காணும் இரண்டாவது வழி. படுகையில் இதற்கு மூன்று இடங்களைச் சான்றாகக் காட்டலாம்.

முதலாவது, கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில். வரகுண பாண்டியனைப் பற்றிய பிரமகத்தி இவ்வூரில் நீங்கியதாகத் தலபுராணம் கூறும். மன உளைச்சலுக்கு ஆளானோர் இக்கோயிலுக்கு வருவதும், கிழக்கு வாயிலில் நுழைந்து வேறு வாயில் வழியே வெளியேறுவதும் வழக்கம். பிரமகத்தி கிழக்கு வாயிலிலேயே காத்திருக்கிறது என்பது நம்பிக்கை. இந்நம்பிக்கையில் கூர்ந்து நோக்கத்தக்க ஒன்று உண்டு. பற்றிய துயர் அழிந்துவிட்டதாக அது கூறவில்லை. வந்த வழியே திரும்பினால் அது மீண்டும் பற்றிக்கொள்ளும் என்கிறது. துயர் மீளக்கூடியது என்ற அறிவு மரபில் இருந்தது. ஆனால் அதற்கு மரபு காட்டிய தீர்வு, திரும்பாதிருத்தல் என்பதே.

இரண்டாவது, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். மனநலம் குன்றியோர் குடும்பத்தாருடன் வந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள்கள், தங்கி வழிபடுவது இங்குள்ள மரபு. பூசை வேளைகளில் அவர்கள் ஒன்றாக அமர்த்தப்பட்டுத் தீர்த்தம் தெளிக்கப்பெறுவர். மூன்றாவது, நாகூர் தர்கா. சாகுல் அமீது ஆண்டகை தஞ்சை நாயக்க மன்னர் ஒருவரின் தீராப் பிணியை நீக்கினார் என்ற வரலாற்று வழக்கு அத்தர்காவின் தோற்றத்தோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. பிணியுற்றோர் சமய வேறுபாடின்றி அங்குத் தங்கிவந்துள்ளனர்.

இவ்விடங்களில் நிகழும் நலத்திற்கு எது காரணம் என்பது பற்றி ஓர் ஆய்வு பயனுள்ள குறிப்பைத் தருகிறது. தென் தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை இரகுராமும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். மருந்தோ சிறப்புச் சடங்கோ இன்றிச் சில வாரங்கள் தங்கியவர்களின் நோய்க்குறிகள் சராசரியாக ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலில் தங்கியதே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்களின் கருத்து. ஆராயப்பட்டோர் மனச்சிதைவு முதலிய கடும் நோயுற்றோரே, மனச்சோர்வுற்றோர் அல்லர். எனவே இம்முடிவை மனச்சோர்வுக்கு நேராகப் பொருத்த இயலாது. ஆயினும் தங்கும் இடமும் உடனிருப்போரும் மருந்தாகக் கூடும் என்பதற்கு அது ஒரு சான்று.

இம்மரபைப் போற்றும்போது அதன் எல்லைகளையும் கூற வேண்டும். 1939ஆம் ஆண்டுச் சட்டமும் 1947ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டமும் வரும்வரை தஞ்சை வயல்களில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பெருங்கோயில்களின் வாயில்கள் திறக்கவில்லை. கோயில் மண்டபத்தில் கூடிய ஒத்தோர், சாதியாலும் ஒத்தோராக இருந்தனர். மற்றோர் எல்லை கட்டாயம். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அடுத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். அருகருகே கட்டிவைக்கப்பட்டோர் ஒருவருக்கொருவர் துணையாக முடியாது. தன் விருப்பால் வந்து தன் விருப்பால் செல்லும் உரிமை ஒத்தோர் துணையின் முதல் நிபந்தனை என்பதை ஏர்வாடி உணர்த்தியது. அதன்பின் இத்தகைய இடங்களில் மருத்துவ மேற்பார்வையும் அரசு உரிமமும் வற்புறுத்தப்பட்டன.

இளிவும் சங்கமும்

ஆலயம் மறுக்கப்பட்டோர் கூடிய இடம் வேறு. 1943 முதல் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சையில் பண்ணையாட்களையும் குத்தகையாளர்களையும் சங்கமாகத் திரட்டினார். சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுதலும் அக்காலப் பண்ணைத் தண்டனைகள். உடல் வலியைக் காட்டிலும் அவை ஏற்படுத்திய இளிவே ஆழமானது. தனியொருவர் தனக்குள் விழுங்கிய அவ்விளிவைக் கூட்டத்தில் எழுந்து சொல்லும்படி செய்தது சங்கத்தின் பெரும் பணி. கூலியும் குத்தகையும் பற்றிய வரலாறாகவே இவ்வியக்கம் எழுதப்படுகிறது. ஒரே இழிவுக்கு ஆளானோர் அதைப் பொதுவில் பேசி, அதன் பழியைத் தம்மீதிருந்து இறக்கிவைத்த வரலாறாகவும் அதைப் படிக்க இடமுண்டு.

சங்கத்தை மனநல அமைப்பாகக் காட்டுவது இங்கு நோக்கமன்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட நிகழ்வு, அச்சங்கம் எதிர்கொண்ட வன்முறையின் அளவைக் காட்டும். ஆனால் ஒன்றைக் குறிப்பிடலாம். இளிவின் காரணம் எதிரே நின்ற பண்ணையார். காரணத்திற்கு முகம் இருந்ததால் கூட்டம் கூடிற்று. தன் துயருக்கு எதிரே சுட்டிக்காட்ட எவரும் இல்லாதவருக்குச் சங்கத்தின் மொழி உதவவில்லை.

தனிமைப்படுத்தும் மருத்துவம்

1794இல் அறுவை மருத்துவர் வாலண்டைன் கோனொலி சென்னைப் புரசைவாக்கத்தில் மனநோய்க் காப்பகம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். 1871இல் அரசுக் காப்பகம் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்தது. 1858, 1912 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நீதிபதியின் ஆணை வழியாக ஒருவரைக் காப்பகத்தில் சேர்க்கும் முறையை நிறுவின. இம்முறையில் நோயாளிகள் ஓரிடத்தில் குவிந்தனர், ஆனால் கூடவில்லை. வீடு, தெரு, சாதி, தொழில் ஆகிய அனைத்திலிருந்தும் பிரிக்கப்பட்டவரே உள்ளே இருந்தார். மேலும், பிறருக்கு இடர் விளைவிப்போரையே இச்சட்டங்கள் முதன்மையாகக் கருதின. வீட்டின் மூலையில் சுருண்டு கிடக்கும் மனச்சோர்வுற்றவர் அவற்றின் பார்வைக்கு வெளியே இருந்தார்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் எழுந்த மாற்றம் குடும்பத்தின் வழியே வந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரங்களில் தங்கவைத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாருடன் தங்கும் முறையைப் பின்பற்றியது. குணசீலத்தில் மரபாக இருந்த ஏற்பாடு இங்கு மருத்துவ முறையாயிற்று என்பது நோக்கத்தக்கது. சென்னையில் அரசு மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய சாரதா மேனன் 1984இல் 'ஸ்கார்ஃப்' எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அதனைச் சார்ந்து நோயாளிகளின் குடும்பத்தார் தமக்குள் 'ஆஷா' என்னும் அமைப்பை உருவாக்கினர். தமிழகத்தில் மனநோயை முன்னிட்டு ஒத்தோர் தாமே கூடிய தொடக்ககால அமைப்புகளுள் இதுவும் ஒன்று. ஆயினும் கூடியோர் நோயுற்றோரின் பெற்றோரும் உடன்பிறந்தோருமே.

படுகையை அரசின் மனநலப் பணி அணுகியது பின்னர்தான். மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் முதலில் 1997இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்டது. புறநோயாளர் பிரிவில் மருந்து கிடைத்தது. ஒரே மர விசுப்பலகையில் அமர்ந்து காத்திருப்போர் ஒருவரையொருவர் அறியாமலே வந்து சென்றனர். மருந்தை நிறுத்திவிட்டு மீண்டும் நோயுற்று வருபவர் கேட்கும் முதற்சொல் பெரும்பாலும் ஏன் நிறுத்தினீர் என்பதே. மீண்டு வருதல் அங்குத் தவறியவரின் வருகையாகிவிடுகிறது.

நட்பிலிருந்து ஒத்தோருக்கு

1953இல் இலண்டனில் சாட் வரா தொடங்கிய 'சமாரிட்டன்ஸ்' இயக்கம், பயிற்சி பெற்ற எளிய மனிதர் ஒருவர் பொறுமையாகக் கேட்பதே உயிர் காக்கும் என்ற கொள்கையுடையது. அக்கொள்கை வழியில் 1986இல் மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சினேகா' அமைப்பை நிறுவினார். இது நட்புத் துணை எனத்தக்கது. கேட்பவர் அதே துயரை அனுபவித்தவராக இருக்க வேண்டியதில்லை. எனினும் இவ்வமைப்போடு தொடர்புடைய மூன்று முயற்சிகள் நட்புத் துணையிலிருந்து ஒத்தோர் துணையை நோக்கி நகர்ந்ததைக் காட்டுகின்றன.

முதலாவது, ஆழிப்பேரலை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு உளச்சமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது. சென்னைச் சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்பில் உறவினரை இழந்தோரைச் சினேகா தன்னார்வலர்கள் தொடர்ந்து சந்தித்தனர். அவ்வாறு சந்திக்கப்பட்டோரிடம் மனச்சோர்வின் குறிகள் ஒப்பீட்டுக் குழுவினரை விடக் குறைந்திருந்ததாக 2008இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இரண்டாவது, காவிரிப் பாசனத்தின் கடைமடையை ஒட்டிய காட்டுமன்னார்கோயில் பகுதியில் நிகழ்ந்தது. வேளாண் பூச்சிமருந்து எளிதில் கைக்கெட்டும் நிலையே பல உயிரிழப்புகளுக்குக் காரணம் என்பதால், இரண்டு ஊர்களில் விவசாயிகள் தத்தம் மருந்தைப் பூட்டிவைக்கும் பெட்டிகள் கொண்ட பொதுக் கிடங்குகள் அமைக்கப்பட்டன. 2013இல் வெளியான இவ்வாய்வு, ஊரார் அதை ஏற்றுக்கொண்டனர் என்று காட்டியது. இருள் சூழ்ந்த வேளையில் ஒருவருக்கும் மருந்துக்கும் இடையே சில நூறு அடித் தொலைவையும் ஊரின் கண்களையும் வைத்தது இம்முறை. பேச்சில்லாமலே அமைந்த துணை இது எனலாம்.

மூன்றாவது, தமிழகத்தில் இலங்கைத் தமிழர் வாழும் முகாம்களில் நடந்தது. முகாமைச் சேர்ந்த அகதிகளே தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்று, தற்கொலை எண்ணமுடையோரைத் தொடர்ந்து சந்தித்தனர். இடர் வேளையில் யாரை அழைப்பது, என்ன செய்வது என்ற திட்டத்தை அவர்களோடு சேர்ந்து வகுத்தனர். 2017இல் வெளியான ஆய்வின்படி அம்முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. துணை தருபவரும் பெறுபவரும் ஒரே நிலை கெட்டோர் என்பதால் இம்மூன்றனுள் ஒத்தோர் துணைக்கு மிக அண்மையது இதுவே.

காரணம் என்னும் வாயில்

மேற்கண்டவற்றைத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன்களோடு வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒப்பாரியும் ஆழிப்பேரலைக்குப் பிந்தைய பணியும் இழவைச் சார்ந்தவை. சங்கம் இளிவைச் சார்ந்தது. அகதி முகாம் பணி அசைவைச் சார்ந்தது. 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் வறுமையைச் சார்ந்தவை. நான்கிலும் கூடுவோருக்குக் காரணமே நுழைவுரிமை.

அவ்வுரிமை மறுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை 2016–17ஆம் ஆண்டு வறட்சி காட்டியது. குறுவைக்காக ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை 2016இல் செப்டம்பர் 20 அன்றே திறக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவையாக அறிவிக்கப்பட்டன. படுகையில் விவசாயிகள் பலர் இறந்தனர். அவ்விறப்புகளுக்குப் பயிரழிவே காரணம் என்று குடும்பத்தாரும் உழவர் அமைப்புகளும் கூறினர். வறட்சியால் தற்கொலைகள் நிகழவில்லை, காரணங்கள் தனிப்பட்டவை என்ற நிலைப்பாட்டை மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் எடுத்தது. இழப்பீடு காரணத்தைப் பொறுத்ததாக இருந்ததால், வழக்கு முழுவதும் காரணத்தைப் பற்றியதாயிற்று. இவ்வழக்காட்டில் இரு தரப்பும் ஓர் உண்மையை ஒதுக்கின. கடனும் காய்ந்த நாற்றும் மனச்சோர்வும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருக்கக்கூடும். முன்பே இருமுறை மனச்சோர்வுக்கு ஆளானவருக்கு நீர் வராத ஆண்டு மூன்றாவது முறையைக் கொண்டுவரக்கூடும். நோய் எனச் சொன்னால் பயிரிழப்பு மறுக்கப்பட்டுவிடும் என்ற அச்சம், நோயைப் பற்றிய பேச்சையே அடைத்துவிட்டது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் தென்னைகளை இழந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளிலும் கணக்கெடுக்கப்பட்டவை மரங்களே.

காரணம் வாயிலாக இருப்பதன் மறுபக்கம், காரணம் தீர்ந்ததும் வாயில் அடைபடுதல். ஆழிப்பேரலைக்குப் பிந்தைய குழுக்கள் நிவாரணக் காலத்தோடு குறைந்தன. மண்டலம் 48 நாள்களில் நிறைவுறும். கருமாதியோடு ஒப்பாரி ஓயும். நல்ல விளைச்சல் கண்ட தை மாதத்தில், வீட்டில் குறையேதும் இல்லாத வேளையில் மீண்டும் சோர்வுறும் ஒருவருக்கு இவ்விடங்களில் எதுவும் திறந்திருப்பதில்லை.

சட்டமும் பேச்சும்

ஒத்தோர் துணைக்குப் பேச்சு அடிப்படை. பேச்சுக்கு அச்சமின்மை அடிப்படை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. மனச்சோர்வின் கடும் நிலையில் முயன்று பிழைத்த ஒருவர், அதைப் பிறரிடம் கூறினால் குற்றத்தை ஒப்புக்கொண்டவராவார். மருத்துவமனைகளில் அது விபத்து என்றும் வயிற்றுவலி என்றும் பதிவானமைக்கு இச்சட்டமும் ஒரு காரணம். ஒரே அனுபவமுடைய இருவர் சந்தித்தும் ஒருவரையொருவர் அறியாமல் போகும் நிலையை அது உருவாக்கியது.

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 115ஆம் பிரிவால் அந்நிலையை மாற்றியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்கிதாவில் 309ஆம் பிரிவுக்கு நேரான பொதுப் பிரிவு இல்லை. அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையையும் உறுதி செய்கிறது. 2022இல் தமிழக அரசு 14416 என்ற எண்ணில் தொடங்கிய தொலைபேசி மனநலச் சேவைக்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயரிட்டது. மருத்துவச் சேவை ஒன்றிற்கு நட்பின் பெயர் இடப்பட்டமை அரசின் மொழியில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டும். ஆயினும் அழைப்பவரும் கேட்பவரும் அங்கு ஒத்தோர் அல்லர். அழைப்புகளுக்கு இடையே தொடரும் உறவும் இல்லை.

முடிவுரை

காவிரிப் படுகையில் ஒத்தோர் துணை புதியதன்று. ஒப்பாரி வட்டத்திலும் கோயில் மண்டபத்திலும் சங்கக் கூட்டத்திலும் அது நெடுங்காலம் இயங்கியுள்ளது. மேலை நாட்டிலிருந்து இறக்குமதியான கருத்து என்று அதை ஒதுக்கவும் இயலாது. மரபில் எல்லாம் இருந்தன என்று நிறைவு கொள்ளவும் இயலாது. மரபு அளித்த துணை, காரணம் உடையோருக்கும் குறித்த காலத்தில் தேறுவோருக்கும் உரியதாக இருந்தது. சாதியும் பாலினமும் அதன் வாயில்களை மேலும் குறுக்கின. நவீன மருத்துவம் காரணம் கேட்பதை ஓரளவு கைவிட்டு நோய் என்ற பெயரைத் தந்தது. ஆனால் நோயாளியைத் தனியராக்கியது. மீளும் மனச்சோர்வுடன் வாழ்வோர் இவ்விரண்டிற்கும் இடையே விடப்பட்டனர்.

இதிலிருந்து நடைமுறைக்குரிய முடிவு ஒன்றும் பெறப்படுகிறது. படுகையில் ஒத்தோர் துணையை உருவாக்க முனைவோர் புதிய இடங்களைத் தேட வேண்டியதில்லை. மாதந்தோறும் மருந்து வாங்க வருவோர் கூடும் மாவட்ட மனநலப் பிரிவும், வாரந்தோறும் கூடும் மகளிர் குழுவும் ஏற்கெனவே உள்ளன. அங்கே சேர்க்கப்பட வேண்டியவை இரண்டு. என்ன நேர்ந்தது என்று கேளாமல் ஒருவரை அமரச் செய்தல் ஒன்று. தேறிச் சென்றவர் மீண்டும் வரும்போது அவ்வருகையைத் தோல்வியாகக் கொள்ளாதிருத்தல் மற்றொன்று. முன்பே மீண்டவர்களும் மறுபடி வீழ்ந்தவர்களும் அருகருகே அமரும் இடத்தில் இவை எளிதில் கைகூடும். ஏனெனில் இந்நோய் திரும்பி வரும் என்பதையும், திரும்பிப் போகும் என்பதையும் அவர்கள் பட்டு அறிந்தவர்கள். குறுவை பொய்த்தவர் சம்பாவுக்கு நாற்றங்கால் விடுவதைப் படுகை ஒருபோதும் இகழ்ந்ததில்லை. அந்தப் பொறுமை மனச்சோர்வுற்றோருக்கும் நீட்டிக்கப்பட வேண்டும் என்பதே இவ்வரலாறு முன்வைக்கும் வேண்டுகோள்.